உணவு வீணாகாமல் இருக்கச் செல்போன் செயலி: ஒரு ஸ்டோர் கீப்பரின் வழிமுறை

பெரிய சமையற்கூடம் ஒன்றின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி, முன்னால் வந்த சரக்கு முன்னால் போக வேண்டும் என்பது. புதிய சரக்கு வந்தால் பழையதை முன்னுக்கு இழுத்துவிட்டுப் புதியதைப் பின்னால் அடுக்குவோம். ஒவ்வொரு அலமாரியிலும் ஓர் இருப்பு அட்டை தொங்கும். எடுப்பவர் எடுத்த அளவை அதில் எழுதிவிட்டுத்தான் எடுப்பார். அத்தனை பேருக்குச் சமைத்த இடத்தில் கெட்டுப்போய்க் கொட்டியது மிகக் குறைவு என்றால், அந்த அட்டைதான் காரணம்.

வீட்டில் வாங்கி வருவது ஒருவர், சமைப்பது ஒருவர், ராத்திரி பசித்து ஃப்ரிட்ஜைத் திறப்பது இன்னொருவர். பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. செல்போன் செயலி செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த இருப்பு அட்டையை எல்லோர் கையிலும் வைப்பது. நான் அதனிடம் கேட்பதும் ஒரே கேள்விதான்: அடுத்து எதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும்? வீட்டில் உள்ள அத்தனை பொருளையும் அதில் ஏற்ற வேண்டும் என்று ஆரம்பிப்பவர்கள் சீக்கிரமே சலித்து விட்டுவிடுகிறார்கள்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன். கடைகளும் உணவகங்களும்தான் அதிகம் கொட்டுகின்றன என்று நினைப்போம். ஆனால் அதில் 60 சதவீதம் வீடுகளில்தான் வீணாகிறது. தலைக்கு வருடத்துக்கு 79 கிலோ. தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாத பகுதிகளும் இதில் சேர்த்தி என்றாலும், ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 200 கிராமுக்கு மேல் வருகிறது. பணக்கார நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் இந்த வீட்டுக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே இது வசதி படைத்தவர்களின் பிரச்சினை என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

எந்தச் செயலி?

உணவு வீணாவதைத் தடுக்கும் செயலிகள் என்று தேடினால் மூன்று வகை கலந்து வரும். கடைகளில் மீந்ததைக் குறைந்த விலைக்கு நம்மிடம் சேர்ப்பது ஒரு வகை. 2015-இல் கோபன்ஹேகனில் தொடங்கிய டூ குட் டு கோ அப்படிப்பட்டது. அதே ஆண்டு லண்டனில் தொடங்கிய ஓலியோ, நம்மிடம் மிஞ்சியதை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க உதவுகிறது. இரண்டாவது வகை, எந்தப் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லும் கையேடு. அமெரிக்க வேளாண் துறை கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஃபுட்கீப்பர் இதற்கு நல்ல உதாரணம். மூன்றாவது வகைதான் இருப்புக் கணக்குச் செயலி. நோவேஸ்ட், க்ரோசி போன்றவை இதில் அடங்கும். நான் எழுதப்போவது இந்த மூன்றாவது வகையைப் பற்றி. பக்கத்தில் ஒரு கையேடும் இருந்தால் நல்லது.

இறக்குவதற்கு முன் நான் பார்ப்பவை இவை. ஒரே பட்டியலைக் குடும்பத்தில் எல்லோரும் தங்கள் போனில் பார்க்கவும் திருத்தவும் முடிய வேண்டும். இது இல்லாவிட்டால் மற்ற எதுவும் பயனில்லை. நினைவூட்டல் வரும் நேரத்தை நாமே மாற்ற முடிய வேண்டும். பொருளை ‘சாப்பிட்டாயிற்று’, ‘எறிந்தாயிற்று’ என்று தனித்தனியாகக் கழிக்க முடிய வேண்டும். பாட்டிலைத் திறந்த தேதியைத் தனியாகக் குறிக்க இடம் இருந்தால் இன்னும் நல்லது. உணவுக் கணக்குப் போடும் செயலி உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள், அதற்கு அது தேவையே இல்லை.

பார்கோடு ஸ்கேன் வசதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வழக்கமான 13 இலக்க பார்கோடு, இது எந்த நிறுவனத்தின் எந்தப் பொருள் என்பதை மட்டும்தான் சொல்லும். ஒரே வகைப் பால் பாக்கெட்டுகள் எல்லாவற்றிலும், இந்த மாதம் வந்ததோ அடுத்த மாதம் வருவதோ, அதே எண்தான் இருக்கும். காலாவதித் தேதி அதற்குள் இல்லை. ஸ்கேன் செய்தவுடன் பெயரும் படமும் வந்து, கூடவே ஒரு தேதியும் தானாக நிரம்பினால், அது செயலியின் பொதுவான ஊகம். உங்கள் கையில் உள்ள பாக்கெட்டின் தேதியைப் பார்த்துத் திருத்திவிடுங்கள். சதுர வடிவப் புதுக் குறியீடுகளில் காலாவதித் தேதியையும் தொகுதி எண்ணையும் சேர்த்து அச்சிட முடியும். உங்கள் பாக்கெட்டில் அது இருந்து, உங்கள் செயலிக்கும் அதைப் படிக்கத் தெரிந்தால் நல்ல வசதி. கேமராவால் அச்சிட்ட தேதியை நேரடியாகப் படிக்கும் செயலிகளும் உண்டு. அவற்றில் நாளும் மாதமும் இடம் மாறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். 05/06 என்பதை ஜூன் 5 என்றும் படிக்கலாம், மே 6 என்றும் படிக்கலாம்.

குப்பையிலிருந்து ஆரம்பியுங்கள்

செயலியை இறக்கியதும் ஃப்ரிட்ஜைத் திறந்து பட்டியல் போட உட்காராதீர்கள். முதல் வாரம் எறிவதை மட்டும் பதியுங்கள். என்ன பொருள், ஏறக்குறைய எவ்வளவு, ஏன் என்ற மூன்று விவரம் போதும். காரணத்தை எங்கள் வீட்டில் நான்காகப் பிரித்திருக்கிறோம்: மறந்துவிட்டது, அதிகம் சமைத்தது, அதிகம் வாங்கியது, யாருக்கும் பிடிக்கவில்லை. தட்டில் மிச்சம் வைத்ததும் கணக்கில் வர வேண்டும். யாரையும் குற்றம் சொல்லாமல் இதைச் செய்வது முக்கியம். யார் எறிந்தது என்ற விசாரணை தொடங்கினால் மறுநாளிலிருந்து பதிவு நின்றுவிடும்.

அந்த ஒரு வாரத்துப் பட்டியலே உங்கள் வீட்டுக்கு எது தேவை என்று காட்டிவிடும். பெரும்பாலும் கீரை, பழம், பாதி தீர்ந்த பால், ரொட்டி, மீந்த சோறு, மீந்த கறி என்று ஒரு சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும். செயலியில் ஏற்ற வேண்டியவை இவைதான். கூடவே இறைச்சி, மீன், திறந்த பாட்டில்கள், ஃப்ரீசரில் உள்ளவை. உப்பு, சர்க்கரை, அரிசி, காய்ந்த பருப்பு இவற்றை விட்டுவிடுங்கள். ஸ்டோரிலும் உலர் சரக்கை மாதக் கடைசியில்தான் எண்ணுவோம். பாலையும் காயையும் தினமும் பார்ப்போம். கெடும் வேகத்துக்கு ஏற்பத்தான் கணக்கு.

தேதி போடுவது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. செயலி கேட்பது ஒரே ஒரு தேதி. ஆனால் ஓர் உணவுக்கு மூன்று தேதிகள் உண்டு: பாக்கெட்டில் அச்சிட்டது, திறந்த தேதி, சமைத்த தேதி.

அச்சிட்ட தேதியிலும் இரண்டு வகை. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்றிருந்தால் அது பாதுகாப்பைப் பற்றியது. அதைத் தாண்டினால் சாப்பிடக் கூடாது. ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்றிருந்தால் அது சுவையையும் பதத்தையும் பற்றியது. முறையாக வைத்திருந்தால் அதற்குப் பிறகும் சாப்பிடலாம். நாட்டுக்கு நாடு சொற்கள் மாறும், ஆகவே உங்கள் ஊர்ப் பாக்கெட்டில் என்ன வாசகம் இருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணி, அச்சிட்ட தேதி வந்தவுடன் நல்ல பிஸ்கட்டையும் மாவையும் எறிபவர்கள் நிறையப் பேர். செயலியில் இரண்டாம் வகைக்கு நான் நினைவூட்டலே வைப்பதில்லை.

பாக்கெட்டைத் திறந்த நொடியில் அச்சிட்ட தேதி செல்லாது. அடுத்த மாதத் தேதி போட்ட பழச்சாறு, திறந்த பிறகு சில நாள்தான். ‘திறந்தபின் இத்தனை நாளுக்குள்’ என்ற வரி பொடி எழுத்தில் எங்காவது ஓரமாக இருக்கும். அதைத் தேடிப் படித்து, திறக்கும்போதே செயலியில் தேதியை மாற்றுங்கள். வீடுகளில் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

சமைத்த மிச்சத்துக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு, ஃப்ரிட்ஜில் 3 முதல் 4 நாள். சமைத்து 2 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். அறை வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சோற்றுக்கு இன்னும் கண்டிப்பு தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியை வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு, சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்கிறது. ஆகவே எங்கள் செயலியில் சோற்றுக்கு எப்போதும் மறுநாள் மதியம்தான் தேதி.

பச்சை மீன், கோழி, கொத்திய இறைச்சி எல்லாம் 1 முதல் 2 நாள். ஓட்டோடு உள்ள முட்டை ஃப்ரிட்ஜில் 3 முதல் 5 வாரம் தாங்கும், வேகவைத்தது ஒரு வாரம். இந்தக் கணக்குகள் எல்லாம் ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் பொருந்தும். செயலி அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது, உங்கள் ஃப்ரிட்ஜைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். 7, 8 என்று காட்டினால் செயலி சொல்லும் நாட்களை நம்பாதீர்கள், முதலில் குளிரைச் சரிசெய்யுங்கள். கதவில் உள்ள தட்டுதான் அதிகம் வெப்பம் ஏறும் இடம். பாலை அங்கே வைக்கும் வழக்கம் இருந்தால் உள்ளே மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, செயலியில் நான் போடுவது கெடும் தேதியே கிடையாது. அதைச் சமைக்கப்போகும் தேதி. கீரை நான்கு நாள் தாங்கும் என்றால் நாளைக்கு என்று போடுவேன். கெடும் நாளில் வரும் நினைவூட்டல் எறிவதற்குத்தான் உதவும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்ற இடைவெளியோடு வரும் நினைவூட்டல்தான் சாப்பிட வைக்கும்.

தேதி இருக்கிறதே என்று கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டாம். நாள் மீதி இருந்தும் பூஞ்சை பிடித்தாலோ வாடை மாறினாலோ எறிந்துவிடுங்கள். அதே போல், கெடு தாண்டிய இறைச்சியை நன்றாகத்தானே மணக்கிறது என்று சாப்பிடவும் வேண்டாம். லிஸ்டீரியா போன்ற கிருமிகள் ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரும், வாடையும் காட்டாது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. உணவை மிச்சம் பிடிப்பது ஆளைப் படுக்கவைக்கும் அளவுக்குப் போகக் கூடாது.

நினைவூட்டல் எப்போது வர வேண்டும்

பல செயலிகள் காலையில்தான் மணி அடிக்கும். அந்த நேரத்தில் எல்லோரும் வெளியே கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள், தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் வீட்டில் ‘இன்றைக்கு என்ன சமைப்பது’ என்ற பேச்சு எப்போது எழுகிறதோ, அதற்குக் கால்மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பொருளுக்கு ஒன்றாகத் தனித்தனியே வருவதை நிறுத்தி, எல்லாம் சேர்ந்த ஒரே அறிவிப்பாக மாற்றுங்கள். கடைக்குப் போகும் நாளுக்கு முந்தைய மாலை இன்னொன்று. இந்த இரண்டு போதும். அதற்கு மேல் வந்தால் மனம் அவற்றைப் பார்க்காமலே பழகிவிடும்.

அறிவிப்பே வரவில்லை என்றால் பெரும்பாலும் குறை போனின் அமைப்பில்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலிக்கும் அறிவிப்பு அனுமதியை நாம் கொடுத்தாக வேண்டும். பேட்டரியைச் சேமிக்க, அடிக்கடி திறக்காத செயலிகளைப் போன் உறங்கவைத்துவிடும்; அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்குங்கள். ஐபோனில் அறிவிப்புகளைத் தொகுத்துத் தரும் வசதியை இயக்கியிருந்தால், உங்கள் நினைவூட்டல் சமையல் முடிந்த பிறகு வந்து சேரலாம். இந்தச் செயலிக்கு மட்டும் உடனே வரும்படி மாற்றிவிடுங்கள்.

கணக்கும் அலமாரியும் ஒத்துப்போக

பொருளை உள்ளே அடுக்கும்போதே பதியுங்கள். ‘அப்புறம் ஏற்றலாம்’ என்று வைத்தது ஏறுவதில்லை. நான்கைந்து பொருள்தான் என்பதால், பையைக் காலி செய்யும் நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். சமைத்த மிச்சம் உள்ள டப்பாவில் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி, பெயரும் தேதியும் எழுதுங்கள். அதே பெயர் செயலியிலும் இருக்கட்டும். மூடியில் ஒட்டாமல் டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டுங்கள், மூடிகள் இடம் மாறிவிடும்.

அதைவிட முக்கியம் கழிப்பது. தீர்த்தவர்தான் ‘சாப்பிட்டாயிற்று’ என்று அழுத்த வேண்டும். இது தவறினால் இல்லாத பொருள் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். அப்படி நான்கு சேர்ந்தால் பட்டியலையே யாரும் நம்பமாட்டார்கள். எப்படியும் சில விட்டுப்போகும். அதனால் வாரம் ஒருமுறை, கடைக்குக் கிளம்பும் முன், ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டியலைச் சரிபார்த்துவிடுகிறோம். இருப்பதைத் தொட்டு, இல்லாததை நீக்கி, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்டோரில் இதை இருப்புச் சரிபார்ப்பு என்போம். செயலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதற்கு மாற்று கிடையாது.

எங்கள் வீட்டில் என் மனைவியும் மகளும் நானும் ஒரே பட்டியலைப் பார்க்கிறோம். அத்தைக்கு ஸ்மார்ட்போன் பழக்கம் இல்லை. ஆனால் பகலில் அதிகம் அடுக்களையில் நிற்பவர் அவர்தான். அவருக்காகச் செயலியின் பட்டியலில் மேலே உள்ள மூன்று பெயரை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டுகிறாள் மகள். தீர்ந்ததை அத்தை பேனாவால் அடித்துவிடுவார், மகள் சாயங்காலம் வந்து செயலியில் கழித்துவிடுவாள். சொல்லப்போனால் இந்தச் சீட்டு வந்த பிறகுதான் எங்கள் கணக்கு உண்மையிலேயே நடக்க ஆரம்பித்தது. செயலியைத் தொடாத ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார், அவரை விட்டுவிட்டு இதைச் செய்ய முடியாது.

கண்மட்டத்தில் உள்ள தட்டில் ஒரு திறந்த பெட்டி வைத்து, இரண்டு நாளுக்குள் தீர வேண்டியதை எல்லாம் அதில் போடுங்கள். பெட்டியும் பட்டியலின் மேல்பகுதியும் ஒன்றாக இருக்க வேண்டும். பழுத்த வாழை, ஆப்பிள், தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். அருகில் உள்ள கீரையும் வெள்ளரியும் அதில் சீக்கிரம் மஞ்சளாகிவிடும், ஆகவே அவற்றைத் தள்ளி வையுங்கள்.

‘உங்களிடம் உள்ளதை வைத்து இதைச் சமைக்கலாம்’ என்று செயலி சமையற்குறிப்பு காட்டும். அதை நான் அளவோடுதான் பயன்படுத்துகிறேன். ஒரு பிடிக் கீரையைத் தீர்க்க மூன்று புதுப் பொருள் வாங்கச் சொன்னால், அவற்றின் மிச்சம் அடுத்த வாரம் பட்டியலில் நிற்கும். புதிதாக வாங்கத் தேவையில்லாத குறிப்புகளை மட்டும் காட்டும்படி வடிகட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

மாதக் கடைசியில்

எறிந்த பட்டியலைத் திறந்து, மூன்று முறைக்கு மேல் வந்த பெயர்களை மட்டும் பாருங்கள். காரணத்தைப் பொறுத்து மருந்து மாறும். மறந்ததால் போனது என்றால் இடத்தை மாற்றுங்கள், கண்ணில் படும் தட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதிகம் சமைத்ததால் என்றால் அளக்கும் கிண்ணத்தை மாற்றுங்கள். எங்கள் வீட்டுச் சோறு அப்படித்தான் குறைந்தது, அரிசி அளக்கும் தம்ளரைச் சிறியதாக்கினோம். யாருக்கும் பிடிக்காததை வாங்குவதை நிறுத்துங்கள், உடம்புக்கு நல்லது என்பதற்காக வாங்கி எறிந்தால் அது யார் உடம்புக்கும் போவதில்லை.

பெரிய பாக்கெட்டாக வாங்கியதால் வீணானது என்றால், வாங்கிய அன்றே பாதியை ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். வாடத் தொடங்கிய பிறகு உறையவைப்பதில் பயனில்லை, உள்ளே போகும்போது இருந்த தரம்தான் வெளியே வரும்போதும் இருக்கும். ரொட்டியைத் துண்டு துண்டாகவும், கீரையைக் கொதிநீரில் சற்று முக்கி எடுத்துப் பிழிந்தும், சமைத்ததை ஒரு வேளை அளவில் தட்டையாகவும் வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். முட்டையை ஓட்டோடு மட்டும் வைக்காதீர்கள், வெடித்துவிடும். மைனஸ் 18 டிகிரியில் உணவு நெடுநாள் பாதுகாப்பாக இருக்கும் என்றாலும் சுவை மெல்ல இறங்கும். ஃப்ரீசரில் உள்ளதைச் செயலியில் தனிப் பட்டியலாக வைத்து, மூன்று மாதம் என்று பொதுவாக ஒரு தேதி கொடுக்கிறேன். உறைந்த பிறகு எல்லாம் ஒரே மாதிரி தெரிவதால், செயலி அதிகம் கைகொடுப்பது இங்கேதான்.

ஒரு பொருள் இரண்டு மாதமாக எறிந்த பட்டியலில் வரவே இல்லை என்றால், அதைப் பதிவதை நிறுத்திவிடுங்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். எங்கள் பட்டியலில் இப்போது கீரை, திறந்த பால், சமைத்த மிச்சம், ஃப்ரீசர் ஆகியவைதான் நிற்கின்றன. விருந்தாளிகள் வந்தாலோ பண்டிகை நெருங்கினாலோ மற்றவற்றையும் சில நாளுக்குச் சேர்ப்போம், பிறகு நீக்கிவிடுவோம். போனை மாற்றும் முன் மட்டும், செயலியில் ‘ஏற்றுமதி’ என்றிருப்பதை அழுத்தி எறிந்த பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருப்புப் பட்டியலை ஒரு மாலையில் திரும்பப் போட்டுவிடலாம், எறிந்த கணக்கை அப்படிப் போட முடியாது.